நாலு கட்டில் அறையும் ஸ்பிரிட் பெர்மிட்டும்

1

இந்தத் தை மாதத்தோடு என் அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். இப்போது வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. விடியும் முன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இருட்டிய பிறகு வீடு வருகிறேன். பனிக்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனைச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம்.

நான் நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு இயந்திரம் மூச்சுக் கொடுக்கும் இடம் அது. போன வாரம் அங்கே பெரிய அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார். ஒருவருடைய வயிற்றுக் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அதே கையோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"முதலில் கை, டாக்டர்."

"எனக்கு அவசரம், நர்ஸ்."

"இவருக்கு அவசரம் இல்லை," என்று கட்டிலில் கிடந்தவரைக் காட்டினேன்.

அவர் குழாயடிக்குப் போனார். பிரிவு முழுக்கக் கேட்கும்படி தண்ணீரை இறைத்துக் கழுவிவிட்டு வந்தார். பிறகு தேநீர் வேளையில் சின்ன நர்ஸுகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, இந்தத் தைரியத்தை எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். கோவில்பட்டியில் என்றேன். ஏதோ பெரிய பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. நானும் திருத்தவில்லை.

வீட்டில் மகள் அமுதாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "ராம் அங்கிள் இறந்த ஊர்தானே அது?"

"அங்கிள் இல்லை. உன் தாய்மாமன்," என்றேன்.

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்று மாடிக்குப் போய்விட்டாள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. அவளிடம் அவ்வளவு தமிழ் இல்லை. அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்காவது எழுதிவைக்கிறேன்.

2

அண்ணன் பெயர் ராமசுப்பு. விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். பருத்தியும் மிளகாயும் எங்கள் வெள்ளாமை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் நர்ஸ் வேலைக்குப் போனதில்லை. ஊரான் மலமூத்திரம் அள்ளுகிற வேலைக்கு நம் பிள்ளை போவதா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் எதிர்த்தபோது அண்ணன் ஒருவர்தான், "அவ போகட்டும்" என்றார். அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பஸ் மேல் போட்டார்.

'அண்ணன் நிலை மோசம், உடனே வா' என்று தந்தி வந்தது. மகளைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அவருக்குப் பஸ் பணிமனையில் வேலை, சமைக்கத் தெரியும். சென்னையில் இறங்கி ரயில் பிடித்து, கோவில்பட்டி ஸ்டேஷனிலிருந்து பெட்டியோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அதை நடத்துகிற டாக்டர் ஜெபராஜ் நல்ல மனிதர். பாம்பு கடித்தவர்களும், பூச்சிமருந்து ஏறியவர்களும், தீப்பெட்டி ஆபீசில் தீக்காயம் பட்டவர்களும் மதுரைக்குப் போகும் வழியிலேயே செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், மாடியில் நாலு கட்டில் போட்டு ஒரு தீவிர சிகிச்சை அறை தொடங்கியிருந்தார்.

மூச்சு இயந்திரம் கிடையாது. அண்ணனின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குழாய் முனையில் ஒரு ரப்பர் பை. அதை அமுக்கி அமுக்கி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அண்ணன் மனைவி, என் மதினி சீனித்தாய்.

"வந்துட்டியா ஏட்டி," என்றார். கை நிற்கவில்லை. "போன வருசம் ஒருக்கா அடிச்சா சுருண்டு விழுந்த புழு, இந்த வருசம் மூணுக்கா அடிச்சும் காயில ஏறி உக்காந்திருக்கு. அதான் மருந்தக் கூட்டி ஊத்தி அடிச்சாவ. காத்து திரும்பிட்டு. மூஞ்சியெல்லாம் மருந்து."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "மருந்து குடிச்சிட்டாவன்னு ஊருல பேசுதாவ. போலீஸும் வந்து கேட்டுட்டுப் போனாவ. நீ எல்லாருகிட்டயும் சொல்லு வேலம்மா, காத்துதான்னு."

அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. குழாய் இருப்பதால் பேச முடியாது. என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இருந்தது. பூச்சிமருந்தின் விஷம் இறங்கிக்கொண்டிருக்கிறது, பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன். பிறகு குழாயில் உறிஞ்சி எடுத்த சளியைப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. நெஞ்சில் கிருமி ஏறிவிட்டது.

டாக்டர் வந்தார். அண்ணனின் குழாயைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் பாம்பு கடித்துக் கிடந்தவரிடம் போனார். நான் அப்போது துணி மாற்ற எதையோ தேடிக்கொண்டிருந்ததால் சரியாகக் கவனிக்கவில்லை. மதினியிடம் கேட்டேன்: "மதினி, டாக்டர் கை கழுவிட்டாரா?"

மதினியின் கை பையிலிருந்து நழுவியது. "ஐயோ, கை கழுவிட்டாரா? என்னப் பெத்த அம்மா!" என்று தரையில் விழுந்து அழ ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பையைப் பிடித்து அமுக்கினேன். இவ்வளவு வருடம் ஆங்கிலத்தில் வேலைபார்த்ததில், கை கழுவுவதென்றால் நம் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பையை அமுக்கிக்கொண்டே, தண்ணீரில் கழுவுவதைத்தான் கேட்டேன் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டர் நேரே அடுத்த கட்டிலுக்குத்தான் போனார் என்றபோது, கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. அவர் கழுவவில்லை. யாருமே கழுவவில்லை.

3

கழுவ எதைக் கொண்டு கழுவுவது? நகராட்சிக் குழாயில் தண்ணீர் எப்போதாவது வரும். மூலையில் ஒரு டிரம், ஒரு கப்பு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே துண்டு. சளி உறிஞ்சுகிற ரப்பர் குழாய்கள் நாலு பேருக்கும் பொதுவாக ஒரு தட்டில், இளஞ்சிவப்பு லோஷனில் மிதந்தன. லோஷன் குறையக் குறைய மேலே ஊற்றுவார்கள். கீழே இருப்பதைக் கொட்டுவதில்லை. கிருமியைக் கொல்லும் என்று நம்பிய அந்தத் தட்டிலேயே கிருமி குடியிருந்தது.

டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"மருந்துக்கு எங்கிட்ட குறை இல்ல, சிஸ்டர். இந்த ரூமுக்குள்ள யாரு வந்தாலும் முத நாளே மூணு ஆன்டிபயாட்டிக் ஓடுது. மதுரையிலகூட இப்பிடிச் செய்ய மாட்டாங்க."

"அதுதான் டாக்டர் எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

இதை இங்கிலாந்தில் எங்கள் பிரிவில் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சீக்கு வரும் முன்பே எல்லாருக்கும் எல்லா மருந்தும் கொடுத்தால், சாகிற கிருமிகள் செத்துவிடும். எந்த மருந்துக்கும் சாகாதவை மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அவை பெருகும். அப்புறம் ஒரு கையோ ஒரு குழாயோ போதும், கட்டில் விட்டுக் கட்டில் போய்விடும். மதினியிடம் இதைச் சொன்னேன். "பருத்தியிலயும் இதத்தான செஞ்சோம்," என்றார்.

அண்ணனின் சளியைப் பரிசோதனைக்காக மதுரைக்கு அனுப்பினோம். பதில் வந்தது. டாக்டர் கையில் இருந்த எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி பணியவில்லை. பணியக்கூடிய ஒரே மருந்தைத் தேடி மதுரைக் கடைகளுக்கும் சென்னைக்கும் ஆள் அனுப்பினோம். அது வந்து சேருவதற்குள் ஒரு உச்சிப்பொழுதில் அண்ணன் போய்விட்டார். மதினி அதன் பிறகும் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் கையிலிருந்து நான்தான் அதை வாங்கினேன்.

4

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் திரும்புவதாகத்தான் இருந்தேன். விசேஷ வீட்டில் இருக்கும்போதே, பாம்பு கடித்தவரும் இறந்துவிட்டார் என்ற சேதி வந்தது. பாம்பு விஷம் இறங்கி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் அவர். அவருக்கும் பச்சைச் சளி.

மறுநாள் காலையில் புறப்பட்டேன். "எழவு வீட்ட விட்டுட்டு எங்க போறா இவ?" என்று சித்தப்பா சத்தம் போட்டார். மதினி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். புருசனை இழந்தவள் இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

"அவிய கெடந்த ரூமுக்குத்தான போறா. நானும் போறேன்," என்றார்.

டாக்டர் ஜெபராஜ் மாடி அறையில் காலிக் கட்டில் ஒன்றில் தனியாக உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"ரூமப் பூட்டிரலாம்னு இருக்கேன்," என்றார்.

"பூட்டாதீங்க, டாக்டர். காலிபண்ணுங்க. சுத்தம்பண்ணித் தெறப்போம்."

என்னென்ன செய்யவேண்டும் என்று சொன்னேன். ஆளுக்கொரு குழாய், தினமும் கொதிக்கவைக்கவேண்டும். லோஷனைத் தினமும் கீழே கொட்டவேண்டும். சீக்கு வந்தால் மட்டும், வந்த கிருமிக்கு ஏற்ற ஒரே மருந்து. ஒருவரைத் தொட்ட கை, சுத்தம் செய்யாமல் இன்னொருவரைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், முன்கூட்டி ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றதும் நிமிர்ந்தார்.

"ஒருத்தருக்கு மருந்து போடாம விட்டு, அவரு செத்தா யாரு பதில் சொல்லது? நீங்க பிளேன் ஏறிருவீங்க."

"ஏற மாட்டேன். அடுத்து வார ஆளு எந்திரிச்சு நடந்து வீட்டுக்குப் போறது வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்."

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளவும் மனம் வரவில்லை. அப்படியானால் நானும் முன்கூட்டி மருந்து போடவில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் என் ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்தேன். சம்பளமில்லா விடுப்பு தருகிறோம், ஆனால் உங்கள் பிரிவுப் பொறுப்பாளர் பதவியை அதுவரை காலியாக வைத்திருக்க முடியாது என்று பதில் வந்தது. தபாலாபீசில் டிரங்கால் போட்டு வீட்டுக்குப் பேசினேன். அமுதாவின் பள்ளி நாடகம் அடுத்த வாரம். "நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்," என்றாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

5

அறையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தோம், சுண்ணாம்பு அடித்தோம். கைக்குத்தான் வழி இல்லை. வாங்குகிற வண்டித் தண்ணீர் சமைக்கவும் குழாய் கொதிக்கவைக்கவுமே சரியாக இருந்தது. எங்கள் பிரிவில் அவசரத்துக்கு ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீரும் கிளிசரினும் கலந்து கையில் தேய்ப்பதுண்டு. தண்ணீரும் துண்டும் வேண்டாம், அதுவே காய்ந்துவிடும். இதுதான் வழி என்றேன்.

டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். "சிஸ்டர், இது தமிழ்நாடு. ஸ்பிரிட்டுக்குப் பெர்மிட் வேணும். ஊசி போடுத எடத்தத் தொடைக்கதுக்குத்தான் எனக்கு அளவு தந்திருக்காங்க."

அளவைக் கூட்டிக் கேட்கத் திருநெல்வேலி மதுவிலக்கு ஆபீசுக்குப் போனேன். மாவட்டம் பிரிந்த புதிது. உங்கள் ஊர் காகிதமெல்லாம் தூத்துக்குடிக்குப் போய்விட்டது என்றார்கள். தூத்துக்குடியில், இன்னும் வந்து சேரவில்லை என்றார்கள். மறுபடி போனோம், நானும் மதினியும். பஸ்ஸைத் தவறவிட்டு, மணியாச்சியில் ரயில் மாற வெயிலில் காத்துக்கிடந்து போய்ச்சேர்ந்தோம். அதிகாரி எங்கள் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"கையில தேய்க்கதுக்கு, சார்."

"கையிலயா?" அவர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். "இவ்வளவு ஸ்பிரிட்டையும் கையில தேய்க்காங்களாம்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கு அவர் பயம். ஆஸ்பத்திரிப் பெயரில் வாங்கி யாராவது குடித்துச் செத்தால் அவர்தான் கூண்டில் நிற்கவேண்டும். "நீங்க யாரும்மா? அந்த ஆஸ்பத்திரியில வேலையா? இல்ல. ஊரும் லண்டன்ங்கிறீங்க. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போட?"

அதுவரை பேசாமல் நின்ற மதினி முன்னால் வந்தார். "சார், எம் புருசன் அந்த ரூமுல செத்தாவ. கையால வந்த சீக்கு. எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம். அடுத்து வாரவிய சாகாம இருக்கட்டும்னுதான் வந்திருக்கேன்."

அவர் மனுவை எங்களிடம் திருப்பித் தராமல் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். "டாக்டர வரச் சொல்லுங்க," என்றார்.

டாக்டர் ஜெபராஜ் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளிநோயாளிகளை மூடிவிட்டு வந்தார். தினமும் வாசலில் நூறு பேர் காத்திருக்கும் மனிதர், அந்த ஆபீஸ் பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும், "என் ரூமுல ரெண்டு பேரு போயிட்டாங்க சார், நோயில இல்ல, என் கையில," என்றார். ஸ்பிரிட்டில் குடிக்க முடியாதபடி கசப்பு கலக்கவேண்டும், சாவி அவரிடமே இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு பெர்மிட் கிடைத்தது.

6

அறையைத் திறந்ததும் வந்தவள் முத்துச்செல்வி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அடுக்கில் தீப்பிடித்து இரண்டு கையும் நெஞ்சும் வெந்திருந்தன. டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புண்ணுக்கு மேல்மருந்து, வலிக்கு ஊசி, நரம்பு வழியாகத் திரவம். ஆன்டிபயாட்டிக் இல்லை. மதினி வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போகிற யார் கையிலும் அவரே ஊற்றுவார். டாக்டர் ஒருநாள் மறந்து உள்ளே காலை வைத்தபோது, "சார், கை," என்றார். டாக்டர் பின்னால் வந்து கையை நீட்டினார்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

அவள் புருசன் காளிராஜ் எப்படியோ விஷயம் கேள்விப்பட்டிருந்தான். மருந்துக் கடையில் தானே ஊசி மருந்து வாங்கி இரண்டு கையிலும் குப்பிகளோடு மாடிக்கு வந்தான்.

"மத்த ஆஸ்பத்திரியில எல்லாம் மொத நாளே போடுதாவ. நீங்க மருந்தப் போடாம அவளச் சாகடிக்கியளா? இந்தா இருக்கு, போடுங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் அண்ணன் முகம்தான் தெரிந்தது. நான் நினைப்பது தவறாக இருந்துவிட்டால் என்ன செய்வேன்? போட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். முத்துச்செல்வியின் நாடியைப் பார்த்தேன். சீராக இருந்தது. மூச்சிலும் குறையில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொன்னாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். புண்ணிலிருந்து எடுத்த மாதிரி மதுரைக்குப் போயிருந்தது.

"தம்பி," என்றேன். "நாடி விழுந்தா இந்த நிமிசமே போடுவோம். அதுவரைக்கும் பதிலுக்குக் காத்திருப்போம். எது கிருமின்னு தெரியாமப் போட்டா, பொறவு நெசமாத் தேவப்படும்போது எதுவும் கேக்காது. எங்க அண்ணனுக்கு அப்பிடித்தான் ஆச்சு. இந்தக் கட்டில்லதான் கெடந்தாவ."

அவன் அந்தக் கட்டிலைப் பார்த்தான். வாசலில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்தான். குப்பிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குத்தவைத்து அழுதான். நான் அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. டாக்டரும் வீட்டுக்குப் போகவில்லை.

பதில் வந்தது. சாதாரணக் கிருமி. எந்தப் பெட்டிக்கடை மருந்துக்கும் பணியக்கூடியது. டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். ஒரே ஒரு மருந்து, பழைய மருந்து, போட்டார். காய்ச்சல் இறங்கியது. சித்திரை வெயிலில் முத்துச்செல்வி கட்டுப்போட்ட கைகளோடு தானே படியிறங்கி நடந்து போனாள். அன்றைக்குத்தான் நான் டிக்கெட் எடுத்தேன்.

7

திரும்பி வந்தபோது பொறுப்பாளர் பதவியில் வேறொருத்தி இருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள், மோசமானவள் இல்லை. நான் சாதாரண நர்ஸாகப் பழைய சீருடையை மாட்டிக்கொண்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வேறு விதமாகச் செய்திருக்கலாமே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அமுதாவின் நாடகத்துப் புகைப்படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இளவரசியாக நடித்திருக்கிறாள். அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. இதையும் ஒருநாள் பேசித்தான் ஆகவேண்டும். பேசுவேன்.

அண்ணனின் திதியன்று மதினியிடம் பேசவேண்டும் என்று கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். வீட்டில் போன் இல்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போட்டேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மதினி அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதலில் குறை பேசிய சித்தப்பா, போன மாதம் நெஞ்சுவலி என்று அந்த அறையில்தான் படுத்து எழுந்து போனாராம்.

இணைப்புக் கிடைக்க நெடுநேரம் ஆயிற்று. அமுதா மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். நான் ரிசீவரை அவள் பக்கம் சாய்த்து, இரண்டு பேரும் கேட்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"மதினி, நான் வேலம்மா பேசுதேன். இன்னைக்கு அண்ணனுக்கு..."

"தெரியும்ட்டி. காலையில கும்பிட்டாச்சு." இரைச்சலுக்குள் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. "புதுசா ஒரு ஆளு வந்திருக்கு, மருந்து ஏறின கேசு. கூட ஒரு படையே மாடியேறுது. பொறவு பேசுவோம், நான் வாசலுக்குப் போவணும்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. "அத்தைக்கு என்ன அவசரம்?" என்று அமுதா கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். நான் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லி, அந்த அறையில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.